காக்கிக்கு எதிராகச் சாட்சி சொல்பவரை யார் காப்பது?

காவல் நிலையத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்கு. நடந்த வாரத்தில் தொலைக்காட்சிகள் எல்லாம் அதைத்தான் பேசின. நான்கைந்து ஆண்டுகள் கழித்து, நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வருகிறது: "முக்கியச் சாட்சி பிறழ் சாட்சியானார்." படிப்பவர்கள் "காசு வாங்கியிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறார்கள். அந்த நான்கைந்து ஆண்டுகளில் அந்தச் சாட்சியின் வீட்டு வாசலில் என்னென்ன நடந்தது என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை. சாட்சி எப்படி உடைக்கப்படுகிறார், சட்டம் அவருக்கு என்ன கேடயம் தந்திருக்கிறது, அந்தக் கேடயம் காவல் துறையினரே குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது மட்டும் ஏன் நழுவுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பிறழ் சாட்சி: உண்மையில் நடப்பது என்ன

புலனாய்வின்போது காவல் அதிகாரியிடம் ஒருவர் சொல்வதை நீதிமன்ற வட்டாரத்தில் '161 வாக்குமூலம்' என்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (இனி 'புதிய நடைமுறைச் சட்டம்') 180ஆம் பிரிவு. இந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. அது சாட்சியமும் ஆகாது. நீதிமன்றத்தில் கூண்டில் ஏறிச் சொல்வதுதான் சாட்சியம்.

கூண்டில் ஏறியவர் முன்பு சொன்னதற்கு மாறாகப் பேசினால், அரசு வழக்குரைஞர் நீதிபதியின் அனுமதி பெற்றுத் தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வார். அந்த அனுமதியைத் தருவது பழைய சாட்சியச் சட்டத்தின் 154ஆம் பிரிவு; புதிய சாட்சியச் சட்டத்தில் 157. அந்த இடத்தில்தான் ஒருவர் 'பிறழ் சாட்சி' ஆகிறார். அவர் சொன்னது அத்தனையும் குப்பைக்குப் போய்விடும் என்பது பரவலான தவறான எண்ணம். பகவான் சிங் எதிர் ஹரியானா வழக்கிலேயே (1976) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: பிறழ் சாட்சியின் வாக்குமூலத்தில் நம்பத் தகுந்த பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நேரில் பார்த்தவரே "நான் அங்கே இல்லை" என்று சொன்ன பிறகு, எடுத்துக்கொள்ள மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இந்த வழக்குகள் ஏன் வேறு

சாதாரணக் கொலை வழக்கில் சாட்சிக்கு மிரட்டல் வந்தால் அவர் போக ஒரு இடம் இருக்கிறது: காவல் நிலையம். இங்கே மிரட்டல் வருவதே அந்தக் கட்டடத்திலிருந்து.

வழக்கு சிபிசிஐடிக்கோ சிபிஐக்கோ மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். புலனாய்வு மட்டுமே மாறுகிறது. சாட்சி குடியிருக்கும் தெருவின் ரோந்து, அவர் மகனின் பாஸ்போர்ட் விசாரணை, அவர் கடை இரவு எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பது, பக்கத்து வீட்டோடு வரும் வாய்த்தகராறில் யார் மேல் எஃப்.ஐ.ஆர். விழும் என்பது எல்லாம் அதே நிலையத்தின் கையில்தான் இருக்கும். குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேர் பணியிடை நீக்கத்தில் இருக்கலாம். அவர்களோடு பல ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் பணியில்தான் இருக்கிறார்கள்.

உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச அரசு எதிர் ஷியாம்சுந்தர் திரிவேதி வழக்கில் (1995) இதை வெளிப்படையாகவே சொன்னது. காவல் மரணங்களில் நேரடிச் சாட்சி கிடைப்பது அரிது. சகோதரப் பிணைப்பால் காவலர்கள் சக காவலரைக் காப்பாற்ற வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் என்பதை நடைமுறைக்குப் பொருந்தாத அளவுக்கு இழுக்கக் கூடாது என்றது.

யார் சாட்சி, யாருக்கு என்ன அழுத்தம்

எல்லாச் சாட்சிகளுக்கும் ஒரே பாதுகாப்பு என்று நினைப்பதுதான் முதல் தவறு. இந்த வழக்குகளில் சாட்சிகள் ஐந்து வகை.

1. உடன் பிடிபட்டவர்கள். அதே இரவு அதே நிலையத்தில் இருந்தவர்கள். எல்லாவற்றையும் பார்த்தவர்கள் இவர்களே. இவர்கள் மேல் ஏற்கெனவே ஏதோ ஒரு வழக்கு இருக்கும். "உன் வழக்கை முடித்துத் தருகிறோம்" என்பது ஒரு பக்கம், "இன்னும் இரண்டு சேரும்" என்பது மறுபக்கம். சரித்திரப் பதிவேடு (தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவர் என்று நிலையம் வைக்கும் கோப்பு) திறப்பது, நன்னடத்தைப் பிணைப்பத்திரம் கேட்டுப் பழைய நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவில் (இப்போது 129) வருவாய்க் கோட்டாட்சியர் முன் நிறுத்துவது ஆகியவை இவர்கள் மேல் எளிதில் பாயும் ஆயுதங்கள். திருவனந்தபுரம் ஃபோர்ட் காவல் நிலையத்தில் 2005இல் நடந்த மரணத்தில் உடன் பிடிபட்ட நண்பரே முதல் விசாரணையில் பிறழ்ந்தார். வழக்கு அதன் பிறகுதான் சிபிஐக்குப் போனது. 2018இல் இரண்டு காவலர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2025இல் கேரள உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. தொடக்கத்தில் உடைந்த சாட்சியத்தைப் பிறகு ஒட்டவைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த வழக்கே போதும்.

2. அடிபட்டு உயிரோடு இருப்பவர்கள். அம்பாசமுத்திரத்தில் 2023இல் விசாரணைக்கு அழைத்து வரப்பட்டவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. சார் ஆட்சியரின் விசாரணைக்கு முதலில் வந்தவர், கீழே விழுந்ததில் பல் உடைந்தது என்றார். வெளியில் ஒன்றும் அதிகாரியின் முன் வேறொன்றும் சொல்ல வேண்டிய நிலைக்கு ஒருவர் ஏன் வருகிறார் என்பதைத்தான் அங்கே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

3. கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், வழிப்போக்கர். இவர்களுக்கு வழக்கில் எந்தப் பங்கும் இல்லை, எனவே நம்பகத்தன்மை அதிகம். பிழைப்பு தெருவில் இருப்பதால் அழுத்தவும் எளிது. மடப்புரம் கோயில் காவலாளி 2025 ஜூனில் காவல் விசாரணையில் இறந்த வழக்கில், அடிப்பதை மறைந்திருந்து செல்போனில் பதிவு செய்தவர் மிரட்டல் வருவதாகக் கூறிப் பாதுகாப்புக் கேட்க வேண்டியிருந்தது.

4. காவலர்களே. பாரா நின்றவர், நிலைய எழுத்தர், ஓட்டுநர், பெண் காவலர். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் இறந்த வழக்கில், அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் சொன்னதுதான் வழக்கின் முதுகெலும்பு. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரின் அறிக்கை, அவர் எவ்வளவு அஞ்சினார், கையெழுத்திடவே எவ்வளவு தயங்கினார் என்பதைப் பதிவு செய்திருக்கிறது. இவர்களுக்கு வரும் அழுத்தம் அடியாள் வடிவில் வராது. இடமாற்றம், துறைக் குற்றக் குறிப்பாணை, நிறுத்தி வைக்கப்படும் ஊதிய உயர்வு, குடியிருப்பில் யாரும் பேசாமல் ஒதுக்குவது என்றுதான் வரும்.

5. மருத்துவர்கள். ரிமாண்டுக்கு முன் உடல் தகுதிச் சான்று கொடுத்தவர், பிணக்கூறு செய்தவர். இவர்கள் பிறழ வேண்டியதே இல்லை. "இந்தக் காயம் விழுந்தாலும் வரக்கூடும்" என்று குறுக்கு விசாரணையில் ஒரு வரி சொன்னால் போதும்.

2018 சாட்சி பாதுகாப்புத் திட்டம்: படிப்படியாக

சாட்சி பாதுகாப்புக்கு இந்தியாவில் நீண்ட காலம் தனி ஏற்பாடே இல்லை. சட்ட ஆணையம் 2006இல் தன் 198ஆவது அறிக்கையில் முழுத் திட்டம் ஒன்றைப் பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை. 2018 டிசம்பர் 5 அன்று மகேந்தர் சாவ்லா எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒன்றிய அரசு தயாரித்த சாட்சி பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, சட்டம் வரும்வரை அதுவே நாடு முழுவதற்கும் சட்டம் என்று அறிவித்தது. இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநில அரசும் சாட்சி பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தயாரித்து அறிவிக்க வேண்டும் என்கிறது. 2018 திட்டத்தின் நடைமுறை இது:

1. விண்ணப்பிப்பவர்: சாட்சி, அவர் குடும்பத்தினர், அவர் அமர்த்திய வழக்குரைஞர், புலனாய்வு அதிகாரி ஆகியோரில் யாரும் விண்ணப்பிக்கலாம். 'சாட்சி' என்பதற்கு வரையறை விரிவானது: குற்றம் பற்றிய தகவலோ ஆவணமோ வைத்திருக்கும் எவரும் சாட்சிதான். குற்றப்பத்திரிகையில் பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை.

2. எங்கே: குற்றம் நடந்த மாவட்டத்தின் நிலைக்குழுவிடம். மாவட்ட அமர்வு நீதிபதி தலைவர், மாவட்டக் காவல் தலைவர் உறுப்பினர், மாவட்ட அரசு வழக்கு நடத்தும் துறையின் தலைவர் உறுப்பினர் செயலர். விண்ணப்பம் உறுப்பினர் செயலர் வழியாகப் போகும்.

3. அச்சுறுத்தல் பகுப்பாய்வு அறிக்கை: விண்ணப்பம் வந்ததும் உட்கோட்ட டி.எஸ்.பி.யிடம் அறிக்கை கேட்கப்படும். அவர் 5 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அச்சுறுத்தலை அவர் மூன்று வகைகளில் ஒன்றில் வைப்பார். 'ஏ' என்றால் சாட்சியின் அல்லது குடும்பத்தினரின் உயிருக்கே ஆபத்து. 'பி' என்றால் பாதுகாப்புக்கோ நற்பெயருக்கோ சொத்துக்கோ ஆபத்து. 'சி' என்றால் மிதமான தொல்லை, மிரட்டல்.

4. இடைக்காலப் பாதுகாப்பு: அறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவசரம் என்றால் குழு உடனே உத்தரவிடலாம். இதைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

5. விசாரணை: மூடிய அறையில். குழு சாட்சியோடு, கூடுமானவரை நேரில், பேசித் தேவையை அறிய வேண்டும். அறிக்கை வந்த 5 வேலை நாட்களுக்குள் உத்தரவு.

6. கிடைக்கக்கூடியவை: வீட்டைச் சுற்றி ரோந்து, கண்காணிப்புக் கேமரா, தற்காலிக இடமாற்றம், நீதிமன்றத்துக்குப் போய்வர வாகனமும் துணைக்காவலும், பெயருக்குப் பதில் எழுத்து, குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் சந்திக்காத ஏற்பாடு, பிழைப்புக்கும் இடம் மாறவும் நிதியுதவி, மிகக் கடுமையான நிலையில் அடையாளத்தையே மாற்றுவது வரை.

7. காலம்: ஒரு முறைக்கு மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. தேவைப்பட்டால் மீண்டும் கேட்கலாம்.

8. உத்தரவில் குறை இருந்தால் 15 நாட்களுக்குள் மறுஆய்வு கோரலாம்.

இந்தத் திட்டம் எந்தக் குற்றங்களுக்குப் பொருந்தும் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. மரண தண்டனை, ஆயுள், அல்லது 7 ஆண்டு வரையோ அதற்கு மேலோ சிறை விதிக்கத் தக்க குற்றங்களுக்கும் பெண்களுக்கு எதிரான சில குற்றங்களுக்குமே பொருந்தும். வாக்குமூலம் பறிக்கக் காயப்படுத்துவது (பழைய தண்டனைச் சட்டம் 330, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 120(1)) 7 ஆண்டு என்பதால் உள்ளே வரும். சாதாரணக் காயம் (323, இப்போது 115(2)) ஓராண்டு மட்டுமே, வெளியே போய்விடும். நிலையத்தில் நடந்த அடியை எஃப்.ஐ.ஆரில் சாதாரணக் காயம் என்று எழுதுவதால் தண்டனை குறைவதோடு, சாட்சியின் பாதுகாப்பு உரிமையும் அங்கேயே அறுந்துபோகிறது. எஃப்.ஐ.ஆர். பதிவான அன்றே பிரிவுகளைப் பார்த்து எதிர்க்க வேண்டியது இதனால்தான்.

ஓட்டை எங்கே இருக்கிறது

மேலே உள்ள மூன்றாம் படியை மறுபடி படித்துப் பாருங்கள். அச்சுறுத்தல் இருக்கிறதா என்று மதிப்பிடுபவர் அந்த உட்கோட்டத்தின் டி.எஸ்.பி. குற்றம் சாட்டப்பட்ட ஆய்வாளருக்கு நேற்றுவரை மேலதிகாரியாக இருந்தவர் அவரே. குழுவில் உட்கார்ந்திருப்பவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். ரவுடிகளுக்கும் சாமியார்களுக்கும் எதிரான சாட்சிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட திட்டம் இது. காவலரே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிலையை அது தனியாக யோசிக்கவில்லை.

ஆனாலும் திட்டத்துக்குள்ளேயே வழிகள் உண்டு. விண்ணப்பத்தில் எழுதிக் கேட்டால்தான் அவை திறக்கும்.

முதலாவது, அறிக்கையை யார் தருவது என்பது. வழக்கைப் புலனாய்வது சிபிஐ அல்லது சிபிசிஐடி என்றால் அந்த அமைப்பின் அதிகாரியிடமே அச்சுறுத்தல் அறிக்கை கேட்குமாறு, அது இல்லையென்றால் வேறு மாவட்ட அதிகாரியிடம் கேட்குமாறு விண்ணப்பத்திலேயே கோர வேண்டும். காரணமாக அதிகாரப் படிநிலையை எழுத வேண்டும்: இன்னின்ன தேதியில் இன்னார் இன்னாருக்குக் கீழ் பணியாற்றினார் என்று, உணர்ச்சிச் சொற்கள் இல்லாமல். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

இரண்டாவது, காவலுக்கு வருபவர் யார் என்பது. சாட்சி வீட்டு வாசலில் அதே நிலையத்தின் காவலரை உட்கார வைத்தால், யார் வருகிறார்கள், வழக்குரைஞர் எப்போது வந்தார், சாட்சி எப்போது வெளியூர் போகிறார் என்ற குறிப்பு தானாகவே எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரும். அது பாதுகாப்பின் பெயரில் நடக்கும் வேவு. வேறு மாவட்ட ஆயுதப்படையிலிருந்து ஆள் வேண்டும் என்று கேட்கலாம். உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் பாலியல் வன்கொடுமை வழக்கில் 2019 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும் குடும்பத்துக்கும் மாநிலக் காவல் துறையை நம்பாமல் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பாதுகாப்பைக் கொடுத்தது. வழக்குகளையும் டெல்லிக்கு மாற்றியது. அப்பெண்ணின் தந்தை காவலில் இறந்த வழக்கில் 2020 மார்ச்சில் தண்டனை பெற்றவர்களில் இரண்டு காவல் அதிகாரிகளும் உண்டு.

மூன்றாவது, பெயரை மறைப்பது இங்கே பெரிதாக உதவாது. நிலையத்தில் அன்றிரவு யார் இருந்தார்கள் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான் நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பொது நாட்குறிப்பும் பணிப் பட்டியலும் அவர் எழுதியவை. வெளியிலிருந்து பார்த்த வழிப்போக்கரின் முகவரியை வேண்டுமானால் மறைக்கலாம். குற்றப்பத்திரிகையின் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும்போது, பொது நலன் கருதி வாக்குமூலத்தின் ஒரு பகுதியைக் கொடுக்காமல் இருக்கப் புலனாய்வு அதிகாரி நீதிமன்றத்தைக் கேட்கலாம் (பழைய 173(6), புதிய 193(7)). முகவரிக்குப் பதிலாகப் புலனாய்வு அமைப்பின் வழியாகச் சம்மன் அனுப்பும் ஏற்பாட்டையும் அதோடு சேர்த்துக் கேட்பது நல்லது. உள்ளே இருந்த சாட்சிக்கு உதவுபவை இரண்டு: அந்த நிலையத்திலிருந்து தூரம், சாட்சியத்தைப் பதிவு செய்யும் வேகம்.

நான்காவது, மூன்று மாதக் கெடு. வழக்கு ஐந்து ஆண்டு ஓடும். உத்தரவு தொண்ணூறு நாளில் முடியும். காலாவதியாகும் அந்த வாரம்தான் ஆபத்தானது. காவலர் வராத முதல் நாளை எதிர்த்தரப்பு உடனே கவனிக்கும். ஆகவே இரண்டரை மாதத்திலேயே நீட்டிப்பு விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பாதுகாப்புப் பிரிவு மாதந்தோறும் குழுவிடம் அறிக்கை தர வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. அந்த அறிக்கை வந்ததா என்று விசாரித்துக்கொண்டே இருப்பதும் வழக்குரைஞரின் வேலை.

பட்டியல் சாதி, பழங்குடியினருக்குக் கூடுதலாக ஒரு கதவு

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் சேர்க்கப்பட்டிருந்தால், 2018 திட்டத்தைவிட வலுவான ஒன்று கையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு. அது கருணையாகத் தரப்படுவது அன்று, உரிமை. சாட்சிக்கு முழுப் பாதுகாப்பு, பயணச் செலவு, பராமரிப்புச் செலவு, இடமாற்றம் எல்லாம் நீதிமன்றம் தந்தே ஆக வேண்டியவை. தொல்லை பற்றிப் புகார் வந்தால், தேவைப்பட்டால் அன்றே உத்தரவிட வேண்டும். அந்தப் புகாரின் விசாரணை இரண்டு மாதத்தில் முடிய வேண்டும். மிக முக்கியமான வரி அதற்கடுத்து வருகிறது: புகார் ஓர் அரசு ஊழியர் மேல் என்றால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர் அந்தச் சாட்சியின் எந்த விவகாரத்திலும், இந்த வழக்கோடு தொடர்புள்ளதோ தொடர்பில்லாததோ, தலையிடக் கூடாது என்று நீதிமன்றம் தடுக்க வேண்டும். புதுப்புது வழக்குகள் போட்டுச் சாட்சியை வளைக்கும் உத்திக்கு நேராகக் குறிவைத்து எழுதப்பட்ட வரி அது. இதைப் பயன்படுத்திக் கேட்கப்படும் மனுக்கள் போதாது என்றே சொல்வேன். 2018 திட்டத்திலும் இதே வரி இருந்திருக்க வேண்டும்.

வாக்குமூலத்தை எங்கே வைத்துப் பூட்டுவது

நீதித்துறை நடுவர் முன் கொடுக்கும் '164 வாக்குமூலம்' (புதிய 183) பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. சாட்சி சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்திட்டுக் கொடுப்பதால் அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். அதுவும் தனித்து நிற்கும் சாட்சியம் ஆகாது. பின்னால் கூண்டில் சொல்வதை உறுதிப்படுத்தவோ முரண்படுத்தவோ மட்டுமே பயன்படும். ஆனால் அதற்கு வேறொரு பயன் இருக்கிறது. வாக்குமூலம் நீதிமன்றக் கோப்பில் ஏறிவிட்டது என்று தெரிந்தால், சாட்சியை மாற்றி எழுத வைக்கும் அவசரம் எதிர்த்தரப்புக்குக் குறைகிறது. பத்து ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில், காவல் அதிகாரி அழைத்து வரும் சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது.

காவல் மரணத்தில் இன்னொரு பூட்டும் உண்டு. பழைய நடைமுறைச் சட்டத்தின் 176(1ஏ) பிரிவின்படி (புதிய 196) நீதித்துறை நடுவர் தனியே விசாரணை நடத்த வேண்டும். சாத்தான்குளத்தில் வழக்கைக் காப்பாற்றியது இதுதான். நடுவர் நிலையத்துக்கே போனார். காவலர்கள் ஒத்துழைக்கவில்லை என்று அவர் அறிக்கை கொடுத்ததும், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் செய்தது. தலைமைக் காவலருக்குப் பாதுகாப்பு கொடுக்க உத்தரவிட்டது. சில நாட்களுக்குள் இவை அத்தனையும் நடந்தன. ஒரு மாதம் தாமதித்திருந்தால் அந்தச் சாட்சியமே இருந்திருக்காது.

மிரட்டல் வந்தால் செய்ய வேண்டியவை

மிரட்டல் அபூர்வமாகவே "கொன்றுவிடுவேன்" என்று வரும். "சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம்" என்று இரவு பதினொரு மணிக்கு வரும். ஊர்ப் பெரியவர் வழியாகச் சமாதானமாக வரும். உறவினர் ஒருவருக்கு வேலை வாங்கித் தருவதாக வரும்.

1. அன்றே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், வண்டி எண், வந்தவர் சீருடையில் இருந்தாரா, சொன்ன சொற்கள் அப்படியே. ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவது குறுக்கு விசாரணையில் நிற்காது.

2. செல்போன் அழைப்புப் பட்டியல், குரல் பதிவு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். அடுத்தவருக்கு அனுப்பிய நகலைவிடப் பதிவான அந்த போனையே பத்திரமாக வைத்திருப்பது முக்கியம். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) குறிக்கப்படும்.

3. புகாரை அதே நிலையத்தில் கொடுக்க வேண்டியதில்லை. எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். மின்னஞ்சலிலும் அனுப்பலாம், மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். பதிய மறுத்தால் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு (புதிய நடைமுறைச் சட்டம் 173(4)), அதன்பின் நடுவரிடம் (175(3)). ஒவ்வொரு படியிலும் ஒப்புகை அட்டையைச் சேர்த்து வையுங்கள்.

4. பொய்ச் சாட்சி சொல்ல மிரட்டுவது தனிக்குற்றம்: பழைய தண்டனைச் சட்டம் 195ஏ, பாரதிய நியாய சன்ஹிதா 232, தண்டனை 7 ஆண்டு வரை. நீதிமன்றத்தில்தான் புகார் செய்ய வேண்டும் என்று நிலையத்தில் திருப்பி அனுப்பினால் ஏற்க வேண்டாம். இது காவல் நிலையத்திலேயே எஃப்.ஐ.ஆர். பதியத் தக்க குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொல்லியிருக்கிறது.

5. நகல் ஒன்றை விசாரணை நீதிமன்றத்திலும் தாக்கல் செய்யுங்கள். பிணையில் வெளியே இருப்பவர் மிரட்டினால் பிணையை ரத்து செய்ய அரசுத் தரப்பு மட்டுமே மனுப்போட முடியும் என்பதில்லை, பாதிக்கப்பட்டவரும் போடலாம். மதுரை வழக்கு ஒன்றில் 2000ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் இந்தக் கதவைத் திறந்துவிட்டது.

6. வழக்குரைஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது.

நீதிமன்ற வாசலும் கூண்டும்

ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தவர்கள் நீதிமன்ற வராந்தாவில் உடைவது உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களும் அவர்களைப் பார்க்க வந்த சீருடைக்காரர்களும் ஒரே வராந்தாவில், ஒரே பெஞ்சில். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதிப்புக்குள்ளாகக்கூடிய சாட்சிகளுக்கான சாட்சியப் பதிவு மையம் வேண்டும் என்று சொன்னதோடு, 2018 திட்டத்தின்படி அச்சுறுத்தல் உள்ளவரும் அந்த வரையறைக்குள் வருவார் என்று விரிவுபடுத்தியது. தனி வழி, தனிக் காத்திருப்பு அறை, திரை எல்லாம் அங்கே உண்டு. சாட்சியின் தரப்பு ஒரு வாரம் முன்னதாகவே மனுப்போட்டுக் கேட்க வேண்டும். அரசு அறிவிக்கும் இடத்திலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்லவும் புதிய சட்டம் இடம் தருகிறது. அந்த இடம் காவல் துறைக் கட்டடமாக இருந்துவிடக் கூடாது.

அதைவிடப் பெரிய கொலையாளி வாய்தா. அரசு வழக்குரைஞர் கேட்கும் முதல் விசாரணையில் சாட்சி உண்மையைச் சொல்லிவிடுகிறார். "குறுக்கு விசாரணைக்கு அவகாசம் வேண்டும்" என்கிறது எதிர்த்தரப்பு. அந்த இடைவெளியில்தான் பேரம் நடக்கிறது. வினோத் குமார் எதிர் பஞ்சாப் வழக்கில் (2015) இந்த இடைவெளி ஏறத்தாழ 20 மாதம், சாட்சி பிறழ்ந்தார், உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. சாட்சி விசாரணை தொடங்கினால் நாள்தோறும் நடக்க வேண்டும் என்று 309ஆம் பிரிவு (புதிய 346) சொல்கிறது. முதல் விசாரணை நடந்த அன்றோ மறுநாளோ குறுக்கு விசாரணை முடிய வேண்டும் என்று அரசு வழக்குரைஞர் எழுத்தில் வற்புறுத்த வேண்டும். அவர் செய்யவில்லையென்றால் பாதிக்கப்பட்டவரின் வழக்குரைஞர் செய்ய வேண்டும். அவருக்கு அரசுத் தரப்புக்கு உதவும் உரிமை உண்டு.

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று வனம், காவல், வருவாய்த் துறையினர் அந்த மலையடிவாரக் கிராமத்தில் நடத்திய கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். பத்தொன்பது ஆண்டு அந்தப் பெண்கள் சொன்ன சொல் மாறாமல் நின்றார்கள். அவர்களுடைய மனவுறுதியை எந்தச் சட்டமும் சாட்சிகளிடம் எதிர்பார்க்கக் கூடாது.

சாட்சியின் தோளிலிருந்து சுமையை இறக்குவது

ஒரே ஒருவர் வாய் திறந்தால்தான் வழக்கு நிற்கும் என்ற நிலை இருக்கும்வரை அந்த ஒருவர் குறிவைக்கப்படுவார். எனவே வேறு ஆதாரங்கள் எவ்வளவு வலுவாக இருக்கின்றனவோ அவ்வளவுக்குச் சாட்சி பத்திரமாக இருப்பார். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், கருவியின் கொள்ளளவு போதாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. அதற்குச் சில மாதம் முன்புதான் சாத்தான்குளத்தில், போதிய கொள்ளளவு இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நடுவர் கண்டுபிடித்திருந்தார். சம்பவம் தெரிந்த முதல் நாளே பதிவைப் பாதுகாக்கும்படி நடுவரிடம் மனுப்போடுவது சாட்சி பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

சுமையை முழுவதுமாகவே மாற்றும் யோசனை ஒன்றும் இருக்கிறது. சட்ட ஆணையம் 1985இல் தன் 113ஆவது அறிக்கையில், காவலில் இருந்தபோது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது என்று தெரிந்தால், அவரைக் காவலில் வைத்திருந்த அதிகாரியே அதை ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் 114பி என்ற பிரிவைச் சேர்க்கச் சொன்னது. 2017இல் 273ஆவது அறிக்கை அதே யோசனையை மீண்டும் எழுப்பியது; சித்திரவதைத் தடுப்பு மசோதா ஒன்றையும் இணைத்தது, சாட்சிகளைப் பாதுகாக்கும் பிரிவு அதில் இருந்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. இன்னும் உறுதி செய்யவில்லை. மசோதா சட்டமாகவில்லை. 2023இல் சாட்சியச் சட்டம் முழுவதும் புதிதாக எழுதப்பட்டபோதும் அந்த ஒரு பிரிவு சேர்க்கப்படவில்லை.